ஒரே பெயரில் இருவர்: பேராக் தோட்டப்பள்ளி நெகிழ்வட்டுகளும் லினக்ஸின் வழித்தடமும்

முன்னுரை

ஈப்போவுக்கு அப்பால் கிந்தா பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருந்த தோட்டப்பள்ளி ஒன்றின் பழைய பொருள்கள் 2023ஆம் ஆண்டின் இறுதியில் நம் கைக்கு வந்தன. தோட்டம் செம்பனைக்கு மாறி, மக்கள் பட்டணத்தின் அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அப்பள்ளியும் வேறிடம் சென்றுவிட்டது. இடம் மாறிய பள்ளியின் சேமிப்பறையில் கிடந்த பிஸ்கட் தகரம் ஒன்றில் மூன்றரை அங்குல நெகிழ்வட்டுகள் இருபதுக்கு மேல் இருந்தன. 1990களின் பிற்பகுதியில் அங்குத் தலைமையாசிரியராக இருந்தவர், ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளர் சிலரிடம் கேட்டறிந்த செய்திகளைக் கணினியில் தட்டெழுதி அவற்றில் சேமித்திருந்தார். பள்ளி மலர்களின் மூலக்கோப்புகளும் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலும் அவற்றில் இருப்பதாக மேலொட்டிய தாள்கள் கூறின. செய்தி சொன்னவர்களில் எவரும் இன்று உயிரோடு இல்லை. அச்சுப்படி ஒரு மலருக்கு மட்டுமே எஞ்சியிருந்தது.

வட்டுகளைத் திறந்து பார்த்த ஒருவர், "எல்லாம் கெட்டுப்போய்விட்டன; தூக்கிப் போடலாம்" என்று முடிவு கட்டியிருந்தார். அவை கெடவில்லை. கோப்புகள் நலமாகவே இருந்தன. அவற்றைப் படிக்கும் வழிதான் நம்மிடம் இல்லாமல் போயிருந்தது. அவ்வழியை லினக்ஸ் இயங்குதளத்தில் தேடியபோது நமக்கு நேர்ந்த தடைகளையும் அத்தடைகளுக்குப் பின்னால் உள்ள வரலாற்றையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. மென்பொருள் நிறுவலில் நேரும் பிழைகளைப் பற்றித் தமிழாய்வு இதழில் எழுதுவதா என்று சிலர் வினவக்கூடும். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் செல்லரித்த ஓலையைப் பற்றியும் எழுதியவர்களே.

தோட்டமும் அதன் ஏடுகளும்

பேராக் மாநிலத்தின் இரப்பர் வரலாறு 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளிலிருந்து தொடங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகின. 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்கும் கடமையைத் தோட்ட உரிமையாளர்மேல் சுமத்தின. இன்று பேராக்கில் உள்ள 134 தமிழ்ப்பள்ளிகளில் பலவற்றின் தொடக்கம் இத்தகைய தோட்டக் கொட்டகைகளே.

தோட்டத்தைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை. நிருவாகத்தின் கண்கொண்டு எழுதப்பட்டவை. செக்குரோலில் தொழிலாளியின் பெயரும் நாட்கூலியும் இருக்கும்; அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், லயத்தில் யார் அருகில் குடியிருந்தார், தம் பிரிவை எப்பெயரால் அழைத்தார் என்பவை இரா. தோட்டங்களுக்கு மக்கள் தமிழில் வழங்கிய பெயர்கள் பல எந்த நிலப்படத்திலும் இடம்பெறவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எழுதிவைத்த குறிப்புகள் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பவல்லவை. ஆகவே அந்தப் பிஸ்கட் தகரத்தை நாம் எளிதாக விட்டுவிட இயலவில்லை.

குறியாக்கங்களின் காலம்

அக்கோப்புகள் எழுதப்பட்ட காலம் தமிழ்க் கணினி வரலாற்றின் குழப்பமான காலம். அதே வேளையில் அது துணிவு மிகுந்த காலமும் ஆகும். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வெளியிட்டார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி இணையத்தில் தமிழை ஏற்றும் முயற்சியில் முன்னின்று, 1997இல் அங்கே தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். ஒவ்வொரு முயற்சியும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தமையால், ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாயிற்று.

இதனைத் தீர்க்கும் பொருட்டுப் பல நாட்டு ஆர்வலர்கள் மின்னஞ்சல்வழி விவாதித்து உருவாக்கியதே திஸ்கி எனப்படும் தரம். 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு தாப், தாம் என்னும் வேறிரு குறியாக்கங்களை ஏற்றது. ஒருங்குறியிலோ 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தது. ஆயினும் பள்ளிகளில் இருந்த அன்றைய கணினிகள் அதனைக் காட்டும் திறன் பெற்றிருக்கவில்லை. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோதும் இவை அனைத்தும் ஒருங்கே புழக்கத்தில் இருந்தன. தோட்டப்பள்ளி ஆசிரியர் ஒருவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது அவர் நண்பர் எந்த வட்டைக் கொடுத்தார் என்பதைப் பொறுத்ததாகவே இருந்தது.

திஸ்கியின் அமைப்பைச் சிறிது விளக்குவது இங்குத் தேவையாகின்றது. 256 இடங்களில் முதற்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, மேற்பாதியில் தமிழ் வடிவங்களை அது அடுக்கியது. அவ்விடங்களை மேலை ஐரோப்பிய எழுத்துகளாகக் கருதும் கணினியில் "தமிழ்" என்னும் சொல் நான்கு குறிகளாகத் தோன்றும்: முக்கால் என்னும் பின்னக் குறி, சாய்கீற்று ஏந்திய பெரிய 'ஏ', சென்ட் நாணயக் குறி, சாய்கீற்று ஏந்திய சிறிய 'யு'. வட்டுகள் கெட்டுவிட்டன என்று அந்நண்பர் கருதியது இதனைக் கண்டுதான். முக்காலும் சென்டும் ஒரு பக்கம் முழுதும் இறைந்து கிடந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நமக்கோ அந்நான்கு குறிகளே கோப்பு எக்குறியாக்கத்தைச் சேர்ந்தது என்பதற்கு முதற்சான்றாயின.

பெரட்டும் வழித்தடமும்

முதலில் ஒவ்வொரு வட்டின் முழுப் படியையும் எடுத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் வைத்தோம். பிறகே மாற்றும் பணி. லினக்ஸை நாம் தேர்ந்ததற்குக் காரணம் விலையின்மை மட்டுமன்று. லினக்ஸின் அடிப்படை நூலகமான குனு சி நூலகம் 2002ஆம் ஆண்டு முதல் திஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் கூறினைத் தன்னகத்தே கொண்டுள்ளது. 'ஐகான்வ்' என்னும் ஒரு சிறு ஆணையால் அதனை இயக்கலாம். தமிழாசிரியர் பலர் இதனை அறியார். வணிக மென்பொருள் எதுவும் வாங்காமல், எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வசதி ஒவ்வொரு லினக்ஸ் கணினியிலும் அமைதியாகக் காத்திருக்கின்றது.

அவ்வாறு நம்பியே ஆணையைத் தட்டினோம். திஸ்கி என்னும் குறியாக்கம் ஆதரிக்கப்படவில்லை என்று கணினி விடையளித்தது. அதே டெபியன் பதிப்பு நிறுவப்பட்ட மற்றொரு கணினியில் அதே ஆணை இயங்கியது. இரண்டு நாள்கள் நூலகத்தைக் குறைகூறினோம், மீண்டும் நிறுவினோம், பயனில்லை. குற்றம் நூலகத்தில் இல்லை, வழித்தடத்தில் இருந்தது.

வழித்தடம் என்பதைத் தோட்டத்து வழக்கால் விளக்கலாம். விடியற்காலைப் பெரட்டில் தொழிலாளர்கள் வரிசை வரிசையாக நிற்பர். கிராணியார் ஒரு பெயரைக் கூப்பிட்டால், முதல் வரிசையில் அப்பெயருடையவர் இருந்தால் அவரே முன்வருவார். இல்லையெனில் அடுத்த வரிசை. மூன்றாம் வரிசையிலும் ஒரு முனியாண்டி நிற்கிறார் என்பது முதல் முனியாண்டி வந்துவிட்ட பின் கிராணியாருக்குத் தெரியவே தெரியாது. எந்த வரிசையிலும் இல்லாதவர் லயத்தில் படுத்திருந்தாலும் வராதவராகவே கொள்ளப்படுவார். லினக்ஸில் 'பாத்' என்னும் மாறி அவ்வரிசைகளின் பட்டியல். அரைப்புள்ளிக்கு இனமான முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்டு, அடைவுகளின் பெயர்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். நாம் ஓர் ஆணையைத் தட்டினால், கணினி அவ்வரிசைப்படி தேடி முதலில் அகப்பட்ட நிரலை இயக்கும்.

இம்முறை லினக்ஸுக்கு மூத்தது. 1979ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஸ்டீபன் போர்ன் எழுதிய ஆணைச்செயலி இதனை இன்றுள்ள வடிவில் பரப்பியது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் கருவகத்தை வெளியிட்டபோது, குனு திட்டத்தின் கருவிகளோடு இம்மரபும் உடன்வந்தது.

நம் கணினியில் நடந்தது இதுதான். மாணவர் ஒருவர் புள்ளியியல் பயிற்சிக்காகப் பைத்தான் தொகுதி ஒன்றைத் தம் இல்ல அடைவில் நிறுவியிருந்தார். அத்தொகுதி தன் அடைவை வழித்தடத்தின் தலைப்பில் சேர்த்துக்கொண்டது. தனக்கென ஓர் ஐகான்வையும் உடன்கொண்டு வந்தது. அந்த ஐகான்வ் வேறொரு நூலகத்தைச் சார்ந்தது. சீனம், சப்பானியம், தாய், சார்சியம் முதலியவற்றின் பழைய குறியாக்கங்களை எல்லாம் அறிந்த அந்நூலகத்தில் திஸ்கி இல்லை. பெரட்டில் ஒரே பெயரில் இருவர். தமிழ் அறியாதவர் முன்வரிசையில் நின்றார்.

ஒரு பெயருக்கு உரிய எல்லா நிரல்களையும் காட்டும்படி 'டைப்' ஆணையை '-ஏ' என்னும் குறியோடு தட்டியபோதுதான் இருவரும் ஒருசேர வெளிப்பட்டனர். பிறகு முழுப்பாதையையும் குறிப்பிட்டு இரண்டாமவரை நேரே அழைத்தோம். பக்கம் முழுதும் தமிழாயிற்று. வழித்தடத்தைத் திருத்திய பின்னும் அதே சாளரத்தில் பழைய நிரலே சிலமுறை இயங்கியது. ஆணைச்செயலி ஒருமுறை கண்ட இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் இயல்புடையது. 'ஹேஷ்' ஆணையால் அந்நினைவை அழிக்க வேண்டும். புதிய சாளரம் ஒன்றைத் திறந்தாலும் போதும்.

பெடோரா வைத்திருந்த மற்றொரு மாணவருக்கு அதே பிழைச்செய்தி வேறொரு காரணத்தால் வந்தது. 2021 முதல் அவ்விநியோகம், அரிதாகப் பயன்படும் குறியாக்கங்களைத் தனித் தொகுப்பாகப் பிரித்துவிட்டது. சிறும அளவில் நிறுவினால் அத்தொகுப்பு வாராது. தனியே கேட்டுப் பெறவேண்டும். தமிழ் அரிதானவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டு மாணவர்கள் சினந்தனர். வட்டிடத்தை மிச்சப்படுத்தும் முடிவன்றி அதில் வேறு நோக்கம் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. பழைய குறியாக்கங்களில் பெரும்பாலானவை அங்கேதான் உள்ளன.

சில கோப்புகள் திஸ்கிக்கு முற்பட்டவை. அவற்றுக்கு ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற பைத்தான் நிரல்தொகுதியை நாடினோம். மயிலை, பாமினி, தாப், தாம் முதலிய பல குறியாக்கங்களுக்குரிய அட்டவணைகள் அதில் உள்ளன. 2023ஆம் ஆண்டில் வெளிவந்த டெபியன் 12, பைத்தான் தொகுதிகளைக் கணினியின் பொது இடத்தில் 'பிப்' கொண்டு நிறுவ இசைவதில்லை. தனிச் சூழல் ஒன்றை அமைத்து அதனுள் நிறுவவேண்டும். பொதுவிடத்தில் வலிந்து நிறுவும் வழியை இணையத்தில் பலர் பரிந்துரைக்கின்றனர். அதனைச் செய்யலாகாது என்பதே நம் கருத்து. நாளை இயங்குதளத்தின் கருவிகளே அதனால் பழுதாகலாம்.

இன்னொரு சிறு தடையும் குறிப்பிடத்தக்கது. நிரல்களை இல்ல அடைவிற்குள் உள்ள 'லோக்கல்-பின்' அடைவில் வைத்தால், டெபியன் வகைக் கணினிகள் அவ்வடைவை வழித்தடத்தில் தாமே சேர்த்துக்கொள்ளும். ஆனால் நுழைவின்போது அவ்வடைவு முன்பே இருந்தால்தான் சேர்க்கும். புதிதாக அடைவை உண்டாக்கி நிரலை வைத்தவர், வெளியேறி மீண்டும் நுழையும்வரை "ஆணை காணப்படவில்லை" என்ற விடையையே பெறுவார். நிரல் கண்முன் இருக்கும். கணினி இல்லையென்று சாதிக்கும். விண்டோஸில் பழகியவர்களுக்கு மேலும் ஒரு குழப்பம் உண்டு. அங்கே நிற்கும் அடைவிலேயே நிரல் முதலில் தேடப்படும்; லினக்ஸில் நிற்கும் அடைவு, பாதுகாப்புக் கருதி, வரிசையிலேயே சேர்க்கப்படுவதில்லை.

ம, நூ, ய, பூ

மாற்றி கிடைத்ததும் பணி முடிந்ததென எண்ணினோம். உரைக்கோப்புகள் உடனே மாறின. சொற்செயலியில் எழுதிய கோப்புகள் மாறவில்லை. அவற்றை இன்றைய லிப்ரே ஆபீஸில் திறந்து உரையாகச் சேமித்தால், அது முக்காற்குறியையும் சென்ட் குறியையும் உண்மையான முக்காலாகவும் சென்டாகவும் கருதி ஒருங்குறியில் எழுதிவிடுகின்றது. ஆகவே முதலில் அவ்வுரையைப் பழைய விண்டோஸ் 1252 குறியாக்கத்துக்கு இறக்கி, மூல எண்களை மீட்டு, அதன் பிறகே திஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு ஏற்றவேண்டும். இருபடியாக இதனைச் செய்தபோது, "கொ" என்பதில் மெய்க்கு முன் எழுதப்பட்ட கொம்பும் பின் எழுதப்பட்ட காலும் ஒன்றாகித் தமக்குரிய இடத்தில் அமர்ந்தன.

ஒரு மலரில் மட்டும் மாற்றி நடுவழியில் நின்றது. விண்டோஸ் 1252இல் ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். திஸ்கி அவ்விடங்களில் தமிழ் எண்களை வைத்திருந்தது. அம்மலரின் பக்க எண்களை ஆசிரியர் ௧, ௨ எனத் தமிழ் எண்களில் இட்டிருந்தார். தமிழுணர்வு மிக்கவர் போலும். பக்க எண்களை நீக்கிவிட்டு மாற்றி, பிறகு கையால் சேர்த்தோம்.

இதனினும் சுவையானது, மாறிய உரையில் காணப்பட்ட பிழைகள். "நூலகம்" என்று வரவேண்டிய இடத்தில் "மலகம்" என்றிருந்தது. "பூங்கா" ஓரிடத்தில் "யங்கா" ஆகியிருந்தது. முதலில் தட்டெழுதியவரின் கவனக்குறைவு என்றே கொண்டோம். ஆனால் இப்பிழைகள் தொடரின் முதற்சொல்லில் மட்டுமே வந்தன. நடுவில் வந்த "நூலகம்" எல்லாம் நேராகவே இருந்தது. அப்பொழுதுதான் உண்மை விளங்கிற்று. ஆங்கிலத்துக்கென அமைந்த சொற்செயலி, தொடரின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும். திஸ்கியில் "நூ" இருக்கும் இடம் சாய்கீற்று ஏந்திய சிறிய 'ஏ'. அதன் பெரிய வடிவம் இருக்கும் இடத்தில் "ம" உள்ளது. அவ்வாறே "பூ" "ய" ஆகும். "தூ" "ப" ஆகும். "மூ" "ர" ஆகும். இவ்விதி தெரிந்ததும் அப்பிழைகளை ஐயமின்றித் திருத்த முடிந்தது. எஞ்சியிருந்த அச்சுப்படியோடு ஒப்பிட்டபோது அதிலும் "மலகம்" என்றே அச்சாகியிருந்தது. அவ்வாண்டு மலரைப் படித்தவர்கள் அதனை என்னவென்று கொண்டார்களோ!

சுவடிப் பதிப்பில் ஒற்றும் உயிர்மெய்யும், எகரமும் ஏகாரமும் மயங்குவதை நம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். மேற்கண்ட நான்கு மயக்கங்களையும் அப்பாடத்தில் சேர்த்துக்கொண்டுள்ளோம். 1990களின் தமிழ்க் கோப்புகளைப் பதிப்பிக்கப் போகிறவர் இவற்றை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மலேசியா இல்லாத பட்டியல்

இப்பணியின்போது மற்றொன்றும் நம் கவனத்துக்கு வந்தது. லினக்ஸை நிறுவும்போது மொழியோடு நாட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் பயன்படுத்திய பதிப்பில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என இரண்டே தெரிவுகள் இருந்தன. மலேசியாவைத் தேர்ந்தால் மலாய்மொழியே கிடைக்கும். தமிழைத் தேர்ந்தால் நாணயம் ரூபாயாகிவிடும். ஒருங்குறிச் சேர்த்தியம் பேணும் பொது வட்டாரத் தரவகத்தில் மலேசியத் தமிழுக்கும் சிங்கப்பூர்த் தமிழுக்கும் தனிப்பதிவுகள் உள்ளன. குனு நூலகத்தில் மட்டும் அந்த இடம் காலியாக இருக்கின்றது.

இது பெரிய இழப்பன்று என்று கூறலாம். நாளும் நாணயமும் தானே. எனினும் லினக்ஸில் தமிழ் இருப்பதற்குக் காரணம் யாரோ சிலர் அமர்ந்து எழுதியதுதான் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். கேடிஈ இடைமுகத்தைத் தமிழாக்கத் தொரண்டோவிலிருந்து வெங்கட்ரமணன் போன்றோர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டனர். துகாராம் கோபால்ராவ் உருவாக்கிய எழுத்துருக்கள் இன்றும் டெபியனில் தொகுப்பாகக் கிடைக்கின்றன. மலேசியாவிலோ 2004ஆம் ஆண்டிலேயே பொதுத்துறைக்கெனத் திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அக்காலத்தில் தமிழ்த்துறையினராகிய நாம் அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வட்டாரக் கோப்பு என்பது சில நூறு வரிகள் கொண்ட வெற்றுரை. இந்தியத் தமிழுக்குரிய கோப்பைப் படியெடுத்து, நாணயம், தொலைபேசிக் குறியெண், நாட்டுப்பெயர் முதலியவற்றை மாற்றினால் வரைவு உருவாகிவிடும். மாணவர் இருவர் அவ்வரைவைத் தொடங்கியுள்ளனர். கிழமைப் பெயர்களில் கருத்து வேறுபாடில்லை. மாதப் பெயர்களை "ஜனவரி" என்பதா "சனவரி" என்பதா என்பதில் தான் துறைக்குள் வழக்கு நீடிக்கின்றது.

மீண்டவை

பெயர்ப்பட்டியல் முழுமையாக மீண்டது. ஒவ்வொரு மாணவர் பெயருக்கும் எதிரே பெற்றோர் குடியிருந்த பிரிவின் பெயரைத் தலைமையாசிரியர் மக்கள் வழக்கிலேயே குறித்திருந்தார். அவற்றில் சில, தோட்ட நிருவாகத்தின் ஆங்கிலப் பெயர்களோடு எவ்வகையிலும் பொருந்தவில்லை. எது எதுவென அடையாளம் காட்டக்கூடிய முதியவர்களைச் சுங்கை சிப்புட்டிலும் ஈப்போவிலும் தேடிவருகின்றோம்.

தொழிலாளர் கூற்றுகளுள் ஒன்று இடையிலேயே அறுபட்டு நிற்கின்றது. அவசரகாலத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி இட்ட நாளைப் பற்றி அம்மூதாட்டி சொல்லத் தொடங்கிய இடத்தில் கோப்பு முடிகின்றது. அதன் தொடர்ச்சி வேறொரு வட்டில் இருப்பதாக அடியில் குறிப்பு உண்டு. அவ்வட்டில் படிக்கவியலாத பகுதிகள் உள்ளன. முதல் முயற்சியில் ஏறத்தாழப் பாதி மட்டுமே படியெடுக்க முடிந்தது. வேறொரு வட்டியக்கியைக் கடன் வாங்கி மீண்டும் முயல்கின்றோம். மாற்றிய கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பிலும் எந்தக் கணினியில், எந்தப் பாதையில் இருந்த எந்த ஐகான்வால் மாற்றப்பட்டது என்பதை ஒரு வரியில் எழுதிவைத்துள்ளோம்.